சின்னம் கழற்றிய தொப்பி

ஒரு பக்கம் மலையும் மறு பக்கம் கடலுமாக ஒரு நாடு இருந்தது. கடல் தாண்டி வந்த ஓர் இறகுத் தொப்பிதான் வெகுகாலம் அதன் காவலைப் பார்த்துக்கொண்டது. தரைப்படை, கடற்படை, வான்படை மூன்றுக்கும் அது வைத்ததுதான் சட்டம்.

நாடு விடுதலை அடைந்து இறகுத் தொப்பி கப்பலேறியதும் ஜனங்கள் கூடிப் பேசினார்கள். "மூணு படையும் இனிமே ஒரே தலைக்குக் கீழ வேண்டாம் சாமி. அந்தத் தலைக்குக் கிறுக்குப் பிடிச்சா நாம எங்க போய் நிக்கிறது?"

அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. அதனால் தரைக்குப் பச்சை, கடலுக்கு வெள்ளை, வானுக்கு நீலம் என்று மூன்று தொப்பிகள் ஒரு மேசையைச் சுற்றிச் சமமாக உட்கார்ந்தன. மூன்றுக்கும் பதவி உத்தரவு எழுதுகிற பொறுப்பு ஜனங்களின் பேனாவுக்கு. மேசை நடுவில் ஒரு மணி. மூவரில் யார் முதலில் பதவிக்கு வந்தவரோ அவர் அதை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கலாம். மற்ற இருவருக்கும் உத்தரவு போட மட்டும் முடியாது.

பச்சைத் தொப்பிக்கு மணி அடிக்கும் முறை வந்தபோது ஓய்வு பெற ஐம்பதே நாள் மிச்சம். ஐம்பதாம் நாள் விடை அணிவகுப்பு. பத்தாயிரம் பூட்ஸ் ஒரே தாளத்தில் தரையை மிதித்து அதற்கு வணக்கம் சொல்லும். பனியில் விறைத்து, வெயிலில் வெளுத்து, முப்பத்தெட்டு வருஷம் உழைத்த தொப்பி அது. தனக்கென்று அது ஆசைப்பட்டது அந்த ஒரு காலையைத்தான்.

அந்த வாரமே புயல் அடித்தது. கடல் நடுவே வலம்புரித் திட்டு என்ற சின்னத் தீவிலிருந்து கலங்கரை விளக்கு கூப்பிட்டது. ஒவ்வொரு படைக்கும் அங்கே தனித்தனி வயர்லெஸ். பாவம், ஒரே சேதியை மூன்று தடவை சொன்னது.

"கிணத்துக்குள்ள கடல் ஏறிடுச்சுய்யா. காவலுக்கு நிக்கிற வீரருங்களும் மீன்பிடிக் குடும்பங்களுமா முந்நூறு உசிரு இருக்கு. கைக்குழந்தைங்க இருக்கு. உடனே வாங்க!"

மூன்று தொப்பிகளும் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. அந்த வேகத்தைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலையில் பச்சை மணியை அடித்தபோது விளக்கு மறுபடி பேசியது.

"மூணு பேரும் மவராசனா இருங்க. தரைப்படை அரிசி படகுல வந்துச்சு. கடற்படை அரிசியும் படகுல வந்துச்சு. வான்படை அரிசி குடை பிடிச்சு இறங்குச்சு. எல்லாம் குவிஞ்சு கெடக்கு. எதை ஊத்தி வேக வைக்கிறது?"

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"தண்ணிதானே, கப்பல்காரங்க கொண்டுபோவீங்கன்னு இருந்தேன்," என்றது பச்சை.

"விமானம்தான் சீக்கிரம் போகும், நீலம் பார்த்துக்கும்னு நான் விட்டுட்டேன் அண்ணே," என்றது வெள்ளை.

"தண்ணிப் பீப்பாய் கனத்துக்குக் குடை தாங்காது, மேலேருந்து போட்டா யார் தலையிலயாவது விழும். இறங்கவும் முடியாது, ஓடுபாதை முழுக்க மரம் சாஞ்சு கெடக்கு," என்றது நீலம். "உங்க கப்பலுக்கு என்ன வந்துச்சு?"

"துறை இடிஞ்சு போச்சுப்பா. சின்னப் படகுதான் கரை ஒதுங்கும். அதுல நாலு குடம் கொண்டுபோனா முந்நூறு பேருக்கு நாக்கு நனையுமா?"

மரம் வெட்டி அகற்றும் ஆட்கள் பச்சையிடம் இருந்தார்கள். வெள்ளையின் படகு அவர்களைக் கரை சேர்த்தால், பாதை திறந்தால், நீலத்தின் விமானம் தண்ணீரோடு இறங்கலாம். வழி மேசை மேலேயே கிடந்தது. ஆனால் எந்தப் படகு எத்தனை மணிக்கு, எந்த விமானம் எப்போது என்று மூன்றுக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அப்படி ஒரு வாய் அந்த மேசையில் இல்லை.

"மணி உங்ககிட்டதானே இருக்கு? நீங்களே சொல்லுங்க அண்ணே," என்றது நீலம்.

அதே நேரம் மலைக்காவலிலிருந்து எக்காளம் கத்தியது. "ஐயா, பாறையும் மரமும் சரிஞ்சு பாதை அடைச்சிடுச்சு! மரம் வெட்டுற ஆளுங்கள இங்க அனுப்புங்க!"

"இதோ அனுப்பறேன்!" என்று துள்ளி எழுந்தது பச்சை.

எழுந்த பிறகுதான் தான் சொன்னது அதன் காதிலேயே விழுந்தது. மலையில் பாதை அடைத்திருந்தது, அவ்வளவுதான். தீவிலோ குழந்தைகள் நாவறண்டு கிடந்தார்கள். தன் வீட்டுப் பிள்ளை கூப்பிட்டதும் மற்றதெல்லாம் மறந்து போயிற்றே! அது மனதுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டது. பிறகு மேசையோரம் இருந்த பேனாவிடம் திரும்பியது.

"அக்கா, மூணு படைக்கும் ஒரே சொல்லாச் சொல்ல ஒருத்தர் வேணும்."

பேனா தன் மூடியை இறுக்கிக்கொண்டது. "தம்பி, ஜனங்க எதுக்குப் பயந்தாங்கன்னு உனக்குத் தெரியும். ஏற்கனவே உங்கிட்டதான் பெரிய படை. மத்த ரெண்டையும் சேர்த்துத் தரச் சொல்றியா?"

"சேர்த்து வேண்டாம்க்கா. இதையும் எடுத்துக்குங்க."

நெற்றியில் இருந்த பித்தளைச் சின்னத்தை அது கழற்றி மேசையில் வைத்தது. "என் படையை எனக்கு அடுத்தவர்கிட்ட கொடுத்திடுங்க. சொந்தப் படைன்னு ஒண்ணு இருந்தா என் காது அந்தப் பக்கமே சாயுது. இப்பத்தான் பார்த்தேன்."

"கழற்றினா திரும்ப மாட்ட முடியாது. அந்த அணிவகுப்பும் உனக்குக் கிடையாது," என்றது பேனா.

தொப்பி சின்னத்தைப் பேனாவின் பக்கம் தள்ளியது. "தெரியும்க்கா. தண்ணி போகட்டும்."

பேனா சின்னத்தை எடுத்துக்கொண்டது. வெள்ளைதான் முதலில் எழுந்து நேராக நின்றது. "உத்தரவு சொல்லுங்க அண்ணே." நீலமும் பக்கத்தில் வந்து நின்றது. பச்சைப் படையின் புதுத் தொப்பி ஓடி வந்து மூன்றாவதாக நின்றது.

மதியத்துக்குள் படகு கரை ஒதுங்கியது. மறுநாள் விடிய ஓடுபாதை திறந்தது. வெயில் ஏறும் முன் விமானத்திலிருந்து தண்ணீர்ப் பீப்பாய்கள் உருண்டன. முந்நூறு உயிரும் பிழைத்தன. மரம் வெட்டியவர்கள் அப்படியே விமானத்தில் ஏறி மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வேலை முடிந்ததும் சின்னமில்லாத தொப்பி தன் சாமான்களைக் கட்டத் தொடங்கியது. வெள்ளையும் நீலமும் விடவில்லை. நான்காவது நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து மேசை தலைமாட்டில் போட்டன. ஜனங்களும் வேண்டாமென்று சொல்லவில்லை. கையில் படை இல்லாதவரைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

பேனா பதவி உத்தரவை எழுத உட்கார்ந்தது. பெயர், பிறந்த நாள் எல்லாம் எழுதி, 'எந்தப் படை' என்ற இடத்தில் நின்றது.

"இங்க என்ன போடட்டும் தம்பி?"

"தண்ணி குடிச்சவங்க எந்தப் படைத் தண்ணின்னு கேட்டா குடிச்சாங்க? அதை அப்படியே விட்டுடுங்கக்கா."

அதற்குப் பிறகு எத்தனையோ தொப்பிகள் அந்த நாற்காலிக்கு வந்தன. சில தரையிலிருந்து, சில கடலிலிருந்து, சில வானத்திலிருந்து. ஒவ்வொன்றும் உட்காருமுன் தன் சின்னத்தைத் தானே கழற்றியது. 'எந்தப் படை' என்ற இடத்தில் பேனா இன்றுவரை ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.