வாசப்படி தாண்டாத தங்கம்

ஆலடிக்குளம் பஜாரில் ஆவுடையப்பன் முதலாளியின் நகைக்கடையில் பலவேசம், சங்கிலி, தளவாய் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் தங்கமான ஆட்கள். பொய் சொல்லத் தெரியாது, திருடத் தெரியாது. இன்னும் என்னென்ன தெரியாது என்று முதலாளியிடம் கேட்டால் அவர் காப்பி சொல்லிவிட்டு உட்கார்ந்து சொல்வார். "கல்லாவைப் பாத்துக்கோ" என்றால் பலவேசம் பொழுது சாய்கிறவரை கல்லாவையே பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது பணத்தை நீட்டினால்கூடத் திரும்ப மாட்டான்.

ஒரு பௌர்ணமிக்கு முதலாளி சதுரகிரி மலைக்குக் கிளம்பினார். மலையில் செல்போன் எடுக்காது. அதனால் முந்தின நாள் சாயங்காலமே மூவரையும் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். ஒன்றுக்கு மேல் சொன்னால் என்ன ஆகும் என்பதை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"பில் இல்லாம ஒரு குந்துமணித் தங்கம் இந்த வாசப்படியைத் தாண்டப்படாது. கடவுளே வந்து கேட்டாலும் சரி."

சங்கிலியும் தளவாயும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பலவேசம் மட்டும் அதை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவனுக்கு உள்ளூர ஒரு பயம். ரொம்ப காலமாகத் தட்டிக்கொண்டே போன கல்யாணம் இப்போதுதான் ஒரு இடத்தில் கூடி வந்திருந்தது. பையன் வேலை பார்க்கிற லட்சணத்தை மறுநாள் கடைக்கே வந்து பார்க்கிறோம் என்று பெண்வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதலாளி இல்லாத அன்றைக்கென்று ஏதாவது ஒன்று கூடக்குறைய நடந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் பெண் கிடையாது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ராஜாமணி டீச்சர் வந்தார். அன்றைய விலையைக் கேட்டார். சொன்னார்கள். உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பினார். கழுத்தில் கிடந்த தாலிக்கொடி வெயிலில் பளிச்சென்றது. பலவேசம் ஓடிப்போய் கிரில் கதவைச் சாத்தினான்.

"டீச்சர், அந்தத் தங்கத்துக்கு பில் இருக்கா?"

இது இருபது வருஷத்துக்கு முன்னால் தன் புருஷன் கட்டிய தாலி என்றார் டீச்சர். கட்டியவர் பில் கொடுத்தாரா என்று பலவேசம் பணிவாகக் கேட்டான். வகுப்பில்கூட யாரும் டீச்சரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மூவரும் தராசுக்குப் பின்னால் கூடிப் பேசினார்கள். தங்கம் டீச்சருடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதலாளி யாருடைய தங்கம் என்று பிரித்துச் சொல்லவில்லையே. கடைசியில் தளவாய்க்கு ஒரு நல்ல வழி தோன்றியது. தாலியை எடை போட்டு இன்றைய விலைக்கு பில் போட்டுவிடலாம். தெரிந்த டீச்சர் என்பதால் சேதாரம் வேண்டாம். தன் தாலியைத் தானே விலைக்கு வாங்க டீச்சர் சம்மதிக்கவில்லை. அப்படியென்றால் உட்காருங்கள் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். குடிக்க மோர் கொடுத்தார்கள்.

அடுத்து அம்மன் கோயில் பூசாரி வந்தார். உள்ளே வருகிறவருக்குத் தடையில்லை, கதவைத் திறந்து விட்டார்கள். அம்மனின் மூக்குத்தியில் திருகு ஆடிக்கொண்டிருந்தது. சங்கிலி அதை நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தான். பூசாரி வாங்கி மடியில் முடிந்துகொண்டு கதவுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. உச்சிக்காலப் பூசைக்கு நேரமாகிறது, அம்மன் மூக்கு மூளியாக நிற்கிறாள் என்று எடுத்துச் சொன்னார்.

"கடவுளே வந்து கேட்டாலும் விடாதன்னு முதலாளி சொல்லியிருக்காரு சாமி. நீங்க கடவுள்கூட இல்லையே," என்றான் பலவேசம்.

பூசாரி யோசித்துப் பார்த்தார். கோயிலில் மின்விசிறி கிடையாது, இங்கே மூன்று ஓடிக்கொண்டிருந்தன. அவர் மேற்கொண்டு வாதாடாமல் டீச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். எஸ்.ஐ. திரவியம் புல்லட்டில் வந்து இறங்கினார். பார்த்தவரைக்கும் அவர் உடம்பில் பொட்டுத் தங்கம் இல்லை. உள்ளே வந்து நடந்ததைக் கேட்டார், கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததுதான் தப்பாய்ப் போயிற்று. கடைவாயில் ஒரு பல் மினுங்கியது.

"தங்கம்லா," என்றான் சங்கிலி.

மறுபடியும் தராசுக்குப் பின்னால் கூடினார்கள். எஸ்.ஐ. வாயை மூடிக்கொண்டு வெளியே போனால் பல் தெரியாதே என்றான் தளவாய். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனாலும் தங்கம் தங்கம்தானே என்றான் பலவேசம். பல்லுக்கு மட்டும் எடை பார்க்க முடியுமா என்று சங்கிலி கேட்டான். எஸ்.ஐ.யை முழுசாக நிறுத்துப் பார்த்து, தங்கப்பல் இல்லாத எஸ்.ஐ. ஒருவரை நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவது?

எஸ்.ஐ. சிரிப்பை நிறுத்தினார். மூன்று பேரையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவேன் என்றார். மூவரும் உடனே கையை நீட்டினார்கள்.

"கூட்டிட்டுப் போங்க சார். நாங்க தங்கம் போடல. தாராளமா வரலாம். நீங்கதான் வரமுடியாது," என்றான் பலவேசம்.

எஸ்.ஐ. நீட்டிய கைகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பூசாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பல் பிரச்சினைக்காகக் கூடுதல் போலீஸை வரவழைத்தால் ஜில்லா முழுக்கச் சிரிப்பார்கள் என்பது அவர் கவலை.

இந்த நேரத்தில்தான் பெண்வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா வேலாண்டி, அம்மா மாடத்தி. சம்பந்தம் பேசப் போகிற இடம் நகைக்கடை என்பதால் மாடத்தியம்மாள் தன்னிடம் இருந்தது, தங்கச்சியிடம் இரவல் வாங்கியது எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கடை நிறைய ஆள், அதிலும் போலீஸ் அதிகாரியே காத்திருக்கிறார். வேலாண்டிக்குப் பரம திருப்தி. பையனுக்கு என்ன சம்பளம், என்ன பழக்கவழக்கம் என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பலவேசம் தரையைப் பார்த்தே பதில் சொன்னான். மாடத்தியம்மாளின் ஆரத்தைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அவன் தலை நிமிரவில்லை.

பேசி முடித்து அவர்கள் எழுந்தார்கள். பலவேசம் கிரில் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான். கண்ணில் நீர் முட்டியது.

"அத்தை, நீங்க போகமுடியாது. மாமா போகலாம்," என்றான்.

வேலாண்டி முகம் கறுத்துப்போனது. இந்தச் சம்பந்தமே வேண்டாம், நீ யாரடா என் பெண்டாட்டியைப் பிடித்து வைக்க என்று துண்டை உதறினார். பலவேசம் நகரவில்லை. தனக்குப் பெண் கிடைக்காது என்பது அந்த இடத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காக முதலாளி சொன்ன சொல்லை மீற முடியுமா?

அவன் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் தளவாய் மூளையைக் கசக்கினான். நெடுநேரம் கசக்கியபின் ஒன்று விழுந்தது.

"ஏல, வாசப்படியைத் தாண்டப்படாதுன்னுதான சொன்னாரு. சுவத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்குப் பின்னால் மாசானம் கொத்தனார் வேறொரு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்ததும் கடப்பாரையோடு வந்தார். நகைக்கடைச் சுவரை உடைக்கச் சொல்கிறார்களே என்று முதலில் தயங்கினார். எஸ்.ஐ. எழுந்து நின்று, நான் இருக்கிறேன், நீ உடை என்றார். இப்படியாக ஆலடிக்குளத்தில் ஒரு நகைக்கடைச் சுவர் பட்டப்பகலில் போலீஸ் பாதுகாப்போடு உடைபட்டது.

டீச்சர் போனார். அம்மனின் மூக்குத்தி போனது. எஸ்.ஐ. குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு போனார். கடைசியாக மாடத்தியம்மாள் ஓட்டைக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பொறவு என்னங்க? மாமியார் கழுத்துல கெடந்ததையே வெளிய விடாதவன் நம்ம பிள்ளை நகையைக் கொண்டுபோய் அடகு வச்சிருவானா? தேதியைக் குறிங்க," என்றார் புருஷனிடம்.

வேலாண்டி உதறிய துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். பலவேசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஓட்டையை எல்லோரும் மறந்தே போனார்கள்.

ஊர் மறக்கவில்லை. பஜாரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குச் சுற்றிப் போகிற வழி, கடைக்குள் புகுந்து ஓட்டை வழியாகப் போனால், இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது. கீரைக்கட்டோடு ஒருத்தி போனாள். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் மூவரும் வணக்கம் சொன்னார்கள். மாலையில் முதலாளி பஸ்ஸை விட்டு இறங்கினார். மலை ஏறி இறங்கிய கால்வலி. சனங்கள் ஒரு சுவர் ஓட்டைக்குள் நுழைவதைப் பார்த்து, புதிதாகக் குறுக்குவழி போட்டிருக்கிறார்கள் போல என்று தானும் நுழைந்தார். நிமிர்ந்து பார்த்தால் தன் கடைக்குள் நிற்கிறார்.

"பில் இல்லாம ஒரு குந்துமணி வாசப்படியைத் தாண்டல முதலாளி," என்றான் பலவேசம்.

முதலாளி அலமாரிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நகையெல்லாம் அப்படியே இருந்தது. அது எப்படி என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் பாயில் சாய்ந்தார். அங்கிருந்தே பலவீனமான குரலில் சொன்னார்.

"எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, முன்னாலயும் பின்னாலயும் கடையை அடைங்கடா."

மூவரும் கூடினார்கள். எல்லாரையும் என்றால் முதலாளியும் அதில் அடங்குமா என்று சங்கிலி கேட்டான். அவர் விரலில் மோதிரம் கிடக்கிறதே, பில்லும் இல்லையே, எப்படி வாசப்படி தாண்டுவார் என்றான் தளவாய். அதனால் அவர் உள்ளேயே இருக்கவேண்டியதுதான் என்று முடிவாயிற்று. அடைக்கிற விஷயத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. மாசானம் கொத்தனாரிடம் செங்கலும் சிமெண்டும் மிச்சம் இருந்தது. பின்னால் ஓட்டையை அடைத்தார்கள், முன்னால் கதவையும் சேர்த்து அடைத்தார்கள். முதலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பூச்சு வேலை முடிகிற நேரத்தில் உள்ளேயிருந்து சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் குத்துகிற சத்தம். அப்புறம் முதலாளியின் குரலும், மூவரின் தகப்பன்மார்களைப் பற்றிய சில அபிப்பிராயங்களும்.

பலவேசம் குடத்துத் தண்ணீரைப் புதுச்சுவரின் மேல் பதமாக ஊற்றிக்கொண்டே, சுவரோடு வாயை வைத்துப் பணிவாகச் சொன்னான்:

"தட்டாதீங்க முதலாளி. ஈரம் காயல, வெடிப்பு விட்ரும்."