உண்ணியைத் தோடாகப் போட்ட மந்தி

மலைக்காட்டில் சிங்காரி என்றொரு மந்தி இருந்தாள். ஓடையில் முகம் பார்ப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

ஒருநாள் காலையில் அவள் சருகில் புரண்டு விளையாடினாள். அப்போது ஓர் உண்ணி அவள் காதில் ஏறிக்கொண்டது.

"ஏய், யாரது?"

"நான் முத்து, அக்கா! உங்கள் காதில் தோடாகத் தொங்கட்டுமா? நாளுக்கு நாள் பெரிதாவேன்!"

சிங்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தாராளமாகத் தொங்கு!"

நாலே நாளில் உண்ணி அவள் இரத்தத்தைக் குடித்துக் குடித்து, பளபளவென்று உப்பிவிட்டது. சிங்காரி தலையை ஆட்டி ஆட்டி நடந்தாள். மற்ற மந்திகளுக்கு வயிறு எரிந்தது. அவர்களும் சருகில் போய்ப் புரண்டார்கள். ஒருத்திக்கு மூக்குத்தியே கிடைத்துவிட்டது!

இதைப் பார்த்த மைனா பதறிக்கொண்டு பறந்து வந்தது.

"அடி அசடே, அது உண்ணி! காய்ச்சலில் கிடந்த எலியின் முதுகிலிருந்து அது இறங்கியதை நான் பார்த்தேன். காதைக் காட்டு, கொத்தி எடுக்கிறேன்!"

"உனக்குக் காதே வெளியில் தெரியாது! அந்தப் பொறாமை!" என்று சொல்லிவிட்டுச் சிங்காரி வாலைச் சுழற்றிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழிந்தது. சிங்காரிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மரத்துக்கு மரம் தாவப் பார்த்தாள். கிளையைப் பிடிக்கக் கை எழும்பவில்லை. தொப்பென்று சேற்றில் விழுந்தாள். செத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"பாவி! என்னை என்ன செய்தாய்?"

"நானா? காய்ச்சல் எலியுடையது, அக்கா! நான் சும்மா தூக்கிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்!" என்று உண்ணி ஏப்பம் விட்டது.

"மைனா! ஓடி வா!" என்று சிங்காரி அலறினாள்.

மைனா வந்தது. ஒரே கொத்து! முத்து அதன் வயிற்றுக்குள் போனது.

"இனிமேல் காய்ச்சல் போய்விடும், இல்லையா?" என்று சிங்காரி விசும்பினாள்.

"அதுதான் உன் உடம்புக்குள் புகுந்துவிட்டதே! படுத்துத்தான் தீர வேண்டும்," என்றது மைனா.

இருபது நாள் படுத்தாள். எலும்பும் தோலுமாய்ப் பிழைத்து எழுந்தாள். அதற்குள் மற்ற மந்திகள் பயந்துபோய் மைனாக் கூட்டத்தையே வரவழைத்து உண்ணிகளை எடுத்திருந்தார்கள். மூக்குத்திக்காரி மட்டும், "கொஞ்சம் எடுப்பாகத்தான் இருந்தது!" என்று மூக்கைத் தடவிக்கொண்டாள்.

இனிக்க இனிக்கப் பேசி நம் உடம்பில் ஒட்டிக்கொள்பவரை உடனே உதறாவிட்டால், அவர் தூக்கி வரும் நோயை நாம்தான் சுமக்க வேண்டும்.