தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டாம்

மகனைப் புதைத்த மூன்றாம் நாள் தங்கப்பழம் ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு துண்டறிக்கையின் கைப்பிரதி இருந்தது.

உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பது ஆண்டுகளாக அவர்தான் தலைவர். அதற்கு முன் கைநாட்டு. எழுத்து சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். அவர் திருத்தாமல் தங்கப்பழத்தின் ஒரு வரியும் அச்சகம் போனதில்லை.

டீச்சர் வாசித்தார். ‘என் மகன் புகழேந்தியைக் கொன்றது யார்?’ கீழே மூன்று பதில்கள். போதை ஊசிக்கு மாத்திரை விற்றவன். அவனிடம் மாமூல் வாங்கிய காவல்துறை. இரண்டையும் வேடிக்கை பார்த்த அரசு.

“மூணும் உண்மைதான்” என்றார்.

“அது கிடக்கட்டும். வேறொண்ணு கேக்கேன் டீச்சர். இந்தச் சங்கத்துப் பயலுவளுக்காக ஒம்பது தடவை ஜெயிலுக்குப் போனேன். என் பிள்ளை சாவுக்கு ஒரு பய வரலை. தூக்க ஆளில்லாம நானும் மச்சினனும் ஆம்புலன்ஸ்காரனும் சேர்ந்து இறக்குனோம். இருபத்துநாலு வயசுப் பிள்ளை. ஏன் வரலை?”

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டீஸை எடுத்துவந்தார்.

“வாசிங்க.”

“கண்ணாடி கொண்டுவரலை.”

டீச்சர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

“‘சங்கத்தின் மாண்புக்குக் களங்கம் விளைவித்த புகழேந்தி என்பவர் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து இன்று முதல் நீக்கப்படுகிறார். தோழர்கள் எவரும் அவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம்.’”

போன தை மாதம் போட்டது. சாராயக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கியவரின் மகன் ஊசி போட்டுக்கொண்டு கிடக்கிறான் என்று முதலாளியின் ஆட்கள் சிரித்தார்கள். சிரித்த வாயை அடைத்தார் தங்கப்பழம். பெற்ற மகனையே நீக்கினார் என்று மேடையில் கைதட்டினார்கள். அது அவருக்குப் பிடிக்கத்தான் செய்தது.

“திருந்துவான்னுதான் போட்டேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“சிரிச்சான். ‘என்பவர்னு போட்டிருக்கீங்களேப்பா, என்னை முன்னப்பின்னத் தெரியாதா’ன்னான்.”

டீச்சர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “உங்க பொருளாளர் கந்தையா நேத்து வந்திருந்தார். பழைய ஐஸ் கம்பெனிச் சுவரோரம் புகழேந்தி குப்புறக் கிடந்ததைப் பார்த்திருக்கார். மூச்சு இருந்திருக்கு. சைக்கிளை விட்டு இறங்கியிருக்கார். மறுபடி ஏறிப் போயிட்டார்.”

தங்கப்பழம் எழுந்துவிட்டார். “ஏன்?”

“சங்கத்துக் கட்டுப்பாடு.”

“உசுரு போற நேரத்துல என்ன மயித்துக் கட்டுப்பாடு!”

கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போன கருங்காலி வீடு என்று சங்கம் ஒதுக்கியிருந்த தன் அக்காள் வீட்டுத் துக்கத்துக்குப் போன அதே கந்தையாவைப் பொதுக்குழுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தவர் அவர்தான்.

“புகழேந்தியைப் புதைச்ச அன்னைக்கு எல்லாரும் வந்தாங்க” என்றார் டீச்சர். “தெருமுனை வரைக்கும். எண்பது பேர் இருக்கும். சட்டையில கறுப்புத் துணி குத்தியிருந்தாங்க. நீங்க கூப்பிட்டு அனுப்புவீங்கன்னு பொழுது சாயுற வரைக்கும் நின்னாங்க.”

தங்கப்பழம் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மடக்கினார்.

“இதையும் நீங்கதான திருத்திக் கொடுத்தீங்க? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருக்கலாம். ரெண்டு எழுத்துக்குப் புள்ளி விட்டிருந்தீங்க. வச்சுக் கொடுத்துட்டேன்.”

வெளியே உப்பு லாரி ஒன்று போனது.

தங்கப்பழம் பேனாவைத் திறந்து, புதிய அறிக்கையில் மூன்றாம் பதிலுக்குக் கீழே நான்கு என்று எண் போட்டார்.

“நாலாவதா என் பேரையும் போட்டிருதேன் டீச்சர். கொன்றது நானும்தான்னு. அப்பவாவது என் வாசப்படி ஏறுவானுவளா?”

“ஏறுவாங்க. அதுக்கும் கைதட்டுவாங்க.” டீச்சர் அந்தத் தாளை மெல்ல இழுத்து ஓரமாக வைத்துவிட்டு வெற்றுத் தாளை நகர்த்தினார். “அவனை நீக்கினது ரத்துன்னு ஒரு வரி எழுதுங்க, தங்கப்பழம். கந்தையாவாவது வந்து வாய்விட்டு அழட்டும்.”