குரல் வரவில்லை

குரு எஸ்தருக்கு வயது இருபத்தொன்பது. சீடர் கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. வங்கியின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், பாளையங்கோட்டையில் அவள் வீட்டு மாடி ஏறி வந்து, தனக்கும் நிரல் எழுதக் கற்றுத் தரும்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சேர்த்துக்கொண்டாள்.

எஸ்தர் பொறுப்பில் ஒரு மென்பொருள் இருந்தது. பார்வையில்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துச் சொல்லும். அது ஒருவருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திருத்தி அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். நன்றாக இருந்தால் எஸ்தர் சேர்த்துக்கொள்வாள், எழுதியவர் பெயரும் அடுத்த வெளியீட்டில் வரும்.

அந்தப் பெயருக்குத்தான் கோமதிநாயகம் ஏங்கினார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் பெயரை யாரும் எதற்கும் கேட்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவர் எழுதிய பேட்ச் அருமையானது. குரல் முன்னைவிட வேகமாக வந்தது. அவர் கணினியில் ஓடியது, எஸ்தரின் கணினியிலும் ஓடியது. பிறகு சோதனைக்கு விட்டார்கள். பல ஊர்களில் தொண்டர்கள் தங்கள் கணினிகளை இதற்கென்று கொடுத்திருந்தார்கள். பேட்ச் வந்ததும் அவை தாமாகவே அதைப் போட்டுப் பார்க்கும், சரிப்படவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும், கொடுத்தவர் பெயரிட்டிருந்தால் அந்தப் பெயரோடு பதிலும் அனுப்பும்.

பதில் அனுப்பிய கணினிகள் எல்லாம் சரி என்றன. ஒன்று மட்டும் இப்படிச் சொன்னது:

"குரல் வரவில்லை. தங்கதுரை."

கோமதிநாயகம் இங்கே தட்டி, அங்கே தட்டி, மறுபடியும் அனுப்பினார். அனுப்பிய சூட்டோடு அதே பதில் வந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. யாரப்பா இந்தத் தங்கதுரை என்று அவருக்கு எரிச்சல் மூண்டது. நம்பரைக் கொடு, நானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

"அவங்க தவறி ரெண்டு வருசமாச்சு, அண்ணாச்சி," என்றாள் எஸ்தர்.

அதுவே அவருக்கு வசதியாகப் போயிற்று. ஆளில்லாத வீட்டில் ஏதோ ஒரு பழைய பெட்டி அணைக்க மறந்து ஓடுகிறது, அதற்காக மாதக் கடைசியில் வர வேண்டிய வெளியீடு நிற்க வேண்டுமா என்று வாதாடினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

"செத்த மனுசனுக்காக இருக்கிறவங்களைக் காக்க வைக்கிறது என்ன நியாயம், தாயி?"

எஸ்தர் சனிக்கிழமை தன்னோடு பஸ் ஏறச் சொன்னாள்.

திசையன்விளையைத் தாண்டி, தேரிக்காட்டு ஓரத்தில் ஒற்றை வீடு. உச்சிவெயிலில் செம்மணலைப் பார்க்கவே கண் கூசியது. வீட்டின் சன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. திறந்திருந்த வாசலுக்கு அப்பால் கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு செய்தித்தாள் வாசித்தது. கோமதிநாயகம் காலையில் பஸ்ஸில் படித்த அதே அணை நீர்மட்டச் செய்தி.

வாசிப்பது யார் என்று கேட்டார்.

"தங்கதுரை," என்றாள் எஸ்தர்.

அந்த வெயிலிலும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தங்கதுரையின் மனைவி ராஜகனி. பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுக்கு விளக்கும் வேண்டாம், சன்னலும் வேண்டாம். காலடிச் சத்தம் கேட்டுக் கையமர்த்தினாள்.

"உக்காருங்க. அவுக பேப்பர் வாசிக்காக. முடியட்டும்."

நோயில் படுத்த கடைசி மாதங்களில் தங்கதுரை ஒவ்வொரு சொல்லாக வாசித்துத் தன் குரலை அந்தப் பெட்டிக்குள் சேர்த்துவைத்ததை எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொற்களைக் கோத்துப் பேசுவது மென்பொருளின் பழைய வழி; புதியதற்கு அந்தக் குரல் பிடிபடவில்லை. பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, கோமதிநாயகத்தின் பேட்சை இன்னொரு முறை சோதனைக்கு விட்டாள்.

குரல் பாதிச் சொல்லில் நின்றது.

ராஜகனி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பெட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஏங்க, கோவமா?"

கைநீட்டிப் பெட்டியைத் தடவினாள்.

"ஒரு வாரமா இப்படித்தான்," என்றாள் வந்தவர்களிடம். "வாசிச்சிட்டே இருக்கும்போது நிறுத்திருதாக. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கேன்."

கோமதிநாயகத்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. என்ன வந்திருக்கும் என்று தெரியும். சற்று நேரத்தில் குரல் விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே வாசிக்கத் தொடங்கியது. ராஜகனியின் முகம் தெளிந்தது.

ஊர் திரும்பும்வரை அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாளே உட்கார்ந்து பேட்சில் ஒரு வரி சேர்த்தார்: கணினியின் பெயர் தங்கதுரை என்றிருந்தால் பழைய வழியிலேயே பேசு.

அனுப்பினார். பதில் வந்தது.

"குரல் வந்தது. தங்கதுரை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எஸ்தரிடம் ஓடினார். அவள் அந்த வரியைப் படித்தாள். கொஞ்சம் பொறுங்கள் என்று நாற்காலியைக் காட்டினாள். இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு பதில் வந்தது. இதுவரை பதிலே அனுப்பாத ஏதோ ஒரு கணினி.

"குரல் வரவில்லை."

கீழே பெயர் இல்லை. எந்த ஊர், யார் வீடு, ஒன்றும் இல்லை.

கோமதிநாயகத்துக்குத் தேரிக்காட்டு இருட்டு மறுபடியும் கண்முன் வந்தது. அந்த இருட்டில் யாரோ பெட்டி பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருப்பது போலிருந்தது.

"எந்த ஊருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடு, தாயி," என்றார். "அந்த வீட்டுக்கும் போய்ப் பாத்துட்டு வந்து, அவங்களுக்கும் ஒரு வரி எழுதிருதேன்."

எஸ்தர் அவர் எழுதிய வரியை அழித்துவிட்டு, எந்த வீட்டுக் குரலும் நிற்காதபடி பேட்சையே மாற்றி எழுதச் சொன்னாள்.

"போய்ப் பாக்காத வீட்டுல எல்லாம் ஆள் இல்லைன்னா நெனைச்சிட்டு இருக்கீங்க, அண்ணாச்சி?"