பல்லுக்கு ஒரு சட்டம்

கரும்பூரை ஆண்ட வீரகேசரி மகாராஜாவை எந்தப் படையாலும் அசைக்க முடிந்ததில்லை. அவருடைய முன்பல்லை மட்டும் ஒரு சீடை அசைத்துவிட்டது. கோகுலாஷ்டமிக்கு மகாராணியே தன் கையால் உருட்டிய சீடை. அதனால் சீடையைக் குறை சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

பல் பறந்துபோய் அமைச்சர் திருவம்பலத்தின் மோர்க்குவளையில் 'ணங்' என்று விழுந்தது. சபையே சட்டென்று கூரையைப் பார்த்தது. விகடகவி மரகதவல்லி மட்டும் சிரித்துவிட்டாள். அடக்கத்தான் பார்த்தாள், பாவம். முடியவில்லை.

"யாரது சிரிச்சது?" என்று கத்தினார் மகாராஜா. பல் போன சந்து வழியே 'உஸ்ஸ்' என்று ஒரு சீழ்க்கை கிளம்பியது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அரண்மனை நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்து, தன் நாற்பத்திரண்டு பல்லையும் காட்டியது.

"ஒரு நாய்க்கு என்னைவிடப் பல் அதிகமா!"

மரகதவல்லியின் கேலிக்குத் தினமும் ஆளாகிற திருவம்பலம் இதற்காகத்தான் காத்திருந்தார். "மன்னா, ஒரு சட்டம் போடுங்கள். இந்த நாட்டில் எந்த உயிருக்கும் அரசரைவிட ஒரு பல்கூட அதிகமாக இருக்கக் கூடாது. சிரித்த வாயிலிருந்தே ஆரம்பிக்கலாம்."

சட்டம் போட்டாயிற்று. மறுநாள் காலை வைத்தியர் உலகநாதர் குறடும் கையுமாக நின்றார். அரசருக்கு இப்போது முப்பத்தொரு பல். மரகதவல்லிக்கு முப்பத்திரண்டு. கரும்பு கடிக்கிற முன்பல்லை நாக்கால் தடவிக்கொண்டே சபைக்கு வந்தாள் அவள். இடுப்பில் ஒரு கூடை, கையில் ஒரு தாமரை இலை.

"பிடுங்குங்கள் மகாராஜா. ஆனால் எனக்கு ஒரே ஒரு பல்தான் அதிகம். பெரிய குற்றவாளியை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பது நியாயமா?"

"நியாயந்தான். யார் அவன்? யானையா?"

"யானை பரம சாது. தந்தமும் பல்தான், அதையும் சேர்த்தே விரல்விட்டு எண்ணிவிடலாம். குற்றவாளி இதோ!"

தாமரை இலையில் ஒரு நத்தை.

திருவம்பலம் விழுந்து விழுந்து சிரித்தார். "இதற்கு வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பல்லாம் பல்!"

"மன்னா, விரலில் வெள்ளரிச்சாறு தடவி நீட்டுங்கள்."

மகாராஜா நீட்டினார். நத்தை மெல்ல வந்து விரலை நக்கியது.

"அட, அரம் மாதிரி அராவுகிறதே!"

"அது நாக்கு. அதில் வரிசை வரிசையாகப் பற்கள், ஆயிரக்கணக்கில். கண்ணுக்குத்தான் தெரியாது. தேய்ந்தால் பின்னாலிருந்து புதுசு வரும். வைத்தியரே, ஆரம்பியுங்கள்."

உலகநாதர் குறட்டை நீட்டினார். நத்தை கூட்டுக்குள் போய்விட்டது. அவர் காத்திருந்தார். நத்தை எட்டிப் பார்த்தது. குறடு நீண்டது. நத்தை உள்ளே போனது. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது.

"மன்னா, எனக்குப் பேத்தி கல்யாணம் இருக்கிறது," என்றார் உலகநாதர் அழாக்குறையாக.

திருவம்பலம் பொறுக்காமல் இருக்கையை விட்டு எழுந்தார். "நத்தையை விடுங்கள்! விசுவாசம் என்றால் என்னவென்று எல்லோரும் என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்." வாயை அகலத் திறந்து காட்டினார். ஒரு பல்கூட இல்லை.

"ஆகா!" என்று கைதட்டிய மரகதவல்லி, கூடையைத் திறந்து ஒரு கோழியை எடுத்து அமைச்சரின் இருக்கையில் வைத்தாள். "அமைச்சருக்குப் பல் கொட்டியது போன வருஷம்தான். அதுவரை முப்பத்திரண்டையும் வைத்துக்கொண்டு சதி செய்திருக்கிறார். கோழிக்கோ பிறவியிலேயே பல் கிடையாது. சட்டப்படி இதைவிட விசுவாசமான அமைச்சர் உண்டா மன்னா?"

மகாராஜா முகத்தைச் சுளித்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பல்லுக்கா இந்தக் கவலை மகாராஜா? நம் பசுவுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள்? கும்பிடத்தானே செய்கிறோம்."

 மகாராஜா சந்து தெரியத் தெரியச் சிரித்தார். சட்டம் அங்கேயே ரத்தானது. மரகதவல்லிக்கு ஒரு முத்துமாலையும் ஒரு தட்டுச் சீடையும் பரிசு. மாலையை மட்டும் அவள் வாங்கிக்கொண்டாள்.

"சரி, என் இருக்கையைக் கொடுங்கள்," என்று திருவம்பலம் கோழியை விரட்டினார். அது கொக்கரித்துக்கொண்டு இறங்கியது. பட்டு மெத்தையில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை.

மகாராஜா எட்டிப் பார்த்தார்.

"சபாஷ்! இந்த இருக்கையிலிருந்து உருப்படியாக ஒன்று வெளியே வந்தது இன்றைக்குத்தான்!"

'உஸ்ஸ்' என்று சீழ்க்கை கிளம்பியது. நாய் ஓடி வந்தது.