கால் செகண்டுக்குக் கழற்றியது

“பதினொரு நாளாச்சுங்க மேடம். நல்லதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்களே,” என்றான் குழந்தைவேலு.

ஹெப்சிபா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எதைப் பத்தி சார்?”

“எதைப் பத்தியா! கால் செகண்டுங்க. முழுசா கால் செகண்ட் குறைச்சிருக்கறேன்.”

“எழுதியிருக்கேன்.”

“எழுதினாப் போதுங்களா?”

பேரில்தான் குழந்தை. வயது நாற்பத்தேழு. கோயம்புத்தூர் கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை. இரும்பில் ஒரு முடி அளவு கூடக் குறைய இருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவான். பாராட்டு கிடைக்காவிட்டால் மட்டும் முகம் தொங்கிப் போகும்.

ஹெப்சிபா அவனைவிடப் பதின்மூன்று வயது இளையவள். தூத்துக்குடிக்காரி. காவல்துறை ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பிஸ்டல் போட்டிக்கு ஆட்களைத் தயார் செய்கிறாள். அதிகம் பேசுவது அவளுக்கு வேப்பங்காய்.

ஒரே இடத்தில் நின்று மூச்சைப் பிடித்துக் குறி வைக்கும் போட்டி இல்லை இது. ஓட வேண்டும். பலகை மறைவில் குனிய வேண்டும். போகிற போக்கில் அட்டையையும் இரும்புத் தட்டையும் சுட வேண்டும். வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பார்கள். நேரத்தைப் பிடிக்க டைமரும் கையுமாக ஒருவர் கூடவே வருவார். இந்த ரேஞ்சில் அது ஹெப்சிபாதான்.

மாநில அணிக்கு ஐந்து பேர். போன வருஷம் குழந்தைவேலு ஆறாவது. கால் செகண்டில் போச்சு.

அந்தக் கால் செகண்ட் ஒரு வருஷமாக அவனைப் போட்டுப் படுத்திவிட்டது. சோற்றில் கை வைத்தால் ஞாபகம் வரும். லேத்தை ஓட்டும்போது வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்வு.

“இந்த வருஷம் விட்டா அவ்வளவுதானுங்க,” என்றான். “அடுத்த வருஷம் என் முட்டியும் கண்ணும் என்னோட வராதுங்க.”

ஹெப்சிபா நோட்டை மூடினாள்.

“கால் செகண்ட் எங்கேருந்து வந்துச்சு?”

அப்பாடா, கேட்டுவிட்டாள்! குழந்தைவேலுவுக்கு வாயெல்லாம் பல்.

“பிஸ்டலை மாத்தீட்டேனுங்க.”

“அப்படியா? நான் உங்க கால்தான் வேகமாயிருச்சுன்னு நெனச்சேன்.”

“கால் எங்கீங்க வேகமாகறது? எல்லாம் கைவேலை.”

காலியான பிஸ்டலை மேஜையில் வைத்தான், குழலைக் குண்டு தாங்கும் மண்மேட்டுப் பக்கம் திருப்பி. அதில் அவன் எப்போதும் ஒழுங்கு.

“என்னென்ன சேர்த்தீங்க?”

சொன்னான். குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி. கை வழுக்காமல் இருக்கப் பிடியில் சொரசொரப்பு. தோட்டா நிரப்பிய மேகசின் தடுமாறாமல் உள்ளே போக அகலமான வாய். கட்டை விரல் வந்து உட்கார ஒரு சின்ன மேடு. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டினான், பெண் பார்க்க வந்தவர்களிடம் நகையைக் காட்டுகிற மாதிரி.

“இதெல்லாம் ஆறு மாசமா இருக்கே,” என்றாள். “பதினொரு நாளுக்கு முன்னாடி என்ன சேர்த்தீங்க?”

“சேர்க்கலீங்க.”

“பின்னே?”

“எடுத்தேன்.”

ஹெப்சிபா அவனைப் பார்த்தாள்.

“சின்னதுங்க. அரிசியாட்டம் ஒரு லாக். ட்ரிகரை அழுத்தறப்ப அது நகர்ந்து வழி விடுதுங்களா? அந்த நகர்வு விரல்ல நெருடுச்சு. கழட்டிப் போட்டேன். இப்ப வெண்ணெயாட்டம் போகுதுங்க.”

“அது எதைப் பிடிக்கிற லாக்?”

அவனுக்குத் தெரியாமல் இல்லை.

“ஊசியைங்க.”

“எந்த ஊசி?”

“தோட்டாவைக் குத்தற ஊசி.”

“அதை ஏன் பிடிச்சு வச்சிருக்காங்க?”

“பிஸ்டல் கீழ விழுந்தாலோ, எங்காச்சும் இடிச்சாலோ, ஊசி தானா முன்னால போகக் கூடாதுன்னு.” சட்டென்று கையை ஆட்டினான். “ஆனா நான் கீழ போட மாட்டேனுங்க. ஆறு வருஷத்துல ஒரு தடவை போட்டிருக்கறனா? நீங்களே சொல்லுங்க.”

“போட்டதில்லை.”

“அதானுங்க! போட்டியில ட்ரிகரை இழுக்க எவ்வளவு எடை வேணும்னு பாப்பாங்க. உள்ள திறந்து யாரு பாக்கறா?”

ஹெப்சிபா நோட்டைச் சட்டைப் பையில் செருகினாள். எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து வந்தாள். அதில் குண்டும் இல்லை, மருந்தும் இல்லை. அடியில் நெருப்புப் பொட்டு மட்டும் இருந்தது. ஊசி குத்தினால் தீபாவளிப் பொட்டு வெடியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சத்தம் வரும். வேறொன்றும் வராது.

அதைப் பிஸ்டலுக்குள் போட்டாள். குழலை மணல் வாளிக்குள் இறக்கிப் பிடித்தாள். இன்னொரு கையில் ரப்பர் சுத்தியல்.

“விரல் எங்க இருக்கு, பாருங்க.”

“வெளியில இருக்குதுங்க. ட்ரிகர்கிட்ட இல்லை.”

பிஸ்டலின் முதுகில் ஒரு தட்டு.

ஒன்றுமில்லை.

இன்னொரு தட்டு. ஒன்றுமில்லை.

மூன்றாவது. அதுவும் இல்லை.

குழந்தைவேலு சிரித்துவிட்டான். “நான்தான் சொன்னனுங்களே.”

“நீங்க தட்டுங்க.”

“கொடுங்க இப்படி!”

அவள் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டாள். அவன் சுத்தியலை வாங்கித் தட்டினான். நான்கு. ஐந்து. பட்டறைக்காரன் கையல்லவா, கணக்காக விழுந்தது. ஆறு. ஏழு.

“பாத்தீங்களா மேடம்? வேலைன்னா வேலை.”

எட்டு.

“சும்மா பயப்படறீங்க. ஒண்ணுமே...”

ஒன்பது.

டப்பென்று வெடித்தது.

குழந்தைவேலு இரண்டடி பின்னால் துள்ளினான். சுத்தியல் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. மணல் வாளியிலிருந்து புகை கிளம்பியது. ஹெப்சிபாவின் விரல் ட்ரிகருக்கு வெளியே அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

“யாரும் அழுத்தலியே,” என்றான்.

“இல்லை.”

“அதுவா வெடிச்சுதுங்களா?”

“ஆமா.”

“எட்டு தடவை வெடிக்கலீங்களே! எட்டு தடவை ஒண்ணுமே ஆகலீங்களே!”

ஹெப்சிபா கூட்டை வெளியே எடுத்து, உள்ளே காலி என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிஸ்டலை மேஜையில் வைத்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சட்டென்று உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

“பதினொரு நாள்,” என்றாள் மெதுவாக.

அப்போதுதான் அவனுக்குப் போன செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது.

அடக் கடவுளே!

காலையில் மழை. தரையெல்லாம் சேறு. இரண்டாவது பலகையிலிருந்து மூன்றாவது பலகைக்கு ஓடும்போது சறுக்கினான். முட்டி தரையில் தேய்ந்தது. பிஸ்டலை அவன் விடவில்லை. அதில் அவனுக்கு அன்றைக்குப் பெருமை வேறு. ஆனால் கை பலகையில் மோதியது. பிஸ்டல் டொக்கென்று இடித்தது. உள்ளே பதினான்கு தோட்டா இருந்தது.

மேடம் ஓடி வந்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

எழுந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: “நேரம் எவ்வளவுங்க?”

பலகையில் இடித்தபோது குழல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? மண்மேட்டையா? பக்கவாட்டிலா? அவள் எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தாள்? கண்ணை மூடி யோசித்தான். சேறு ஞாபகம் இருந்தது. முட்டி எரிந்தது ஞாபகம் இருந்தது. குழல் மட்டும் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

“மேடம்,” என்றான். “அன்னைக்கு நான் விழுந்தப்ப, குழல் எந்தப் பக்கமுங்க இருந்துச்சு?”

ஹெப்சிபா யோசித்தாள். அவளும் தேடித் தேடிப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“தெரியலை சார்,” என்றாள். “நான் உங்க முட்டியில ரத்தம் வருதான்னு பார்த்துட்டு இருந்தேன்.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

“திட்டுங்க மேடம். ரெண்டு வார்த்தை திட்டீடுங்க.”

அவள் திட்டவில்லை.

“லாக் எங்க?”

“பட்டறையில, டிராயர்ல இருக்குதுங்க.”

“ஞாயித்துக்கிழமை போட்டி.”

“ஆமாங்க.”

“லாக்கைத் திருப்பிப் போட்டா?”

போட்டால் விரலில் பழைய நெருடல். பழைய நெருடலோடு பழைய நேரம். பழைய நேரத்துக்கு அவன் ஆறாவது. இது இரண்டு பேருக்குமே தெரியும்.

“கால் செகண்ட் போயிடுமுங்க,” என்றான் கடைசியில்.

“சரி.”

ஹெப்சிபா எழுந்தாள். காதுக் கவசத்தை மாட்டினாள். ஆணியில் தொங்கிய டைமரை எடுத்தாள். வழக்கம் போல வந்து அவனுடைய வலது தோளுக்குப் பின்னால் நின்றாள். ஒரு கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு தூரம்தான்.

“வாங்க சார். இன்னைக்குப் பயிற்சியில இன்னும் நாலு ஓட்டம் பாக்கி.”

அவனுக்குப் புரியவில்லை. “எந்தப் பிஸ்டல்லங்க?”

“இதோ இருக்கே. கால் செகண்ட் வேணும்ல?”

பிஸ்டல் மேஜையில் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் நிரப்பி வைத்த மேகசின்.

“லோட் பண்ணுங்க.”

அவன் கை போகவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான். ஆறு வருஷமாக அந்த இடத்திலிருந்து ஒரு டைமர் கத்தும், அவன் ஓடுவான். டைமருக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது இன்றைக்குத்தான். மெலிந்த ஆள். இடது கையில் கருப்பு வார் கட்டிய கடிகாரம். சட்டைப் பையில் நோட்டு.

அவனுடைய இடுப்பில் இருந்த பிஸ்டல் உறைக்கும் அவளுடைய தொடைக்கும் நடுவே மூன்றடி கூட இல்லை.

“நீங்க அங்க நிக்காதீங்க,” என்றான்.

“டைமரை யாரு பிடிக்கிறது?”

“டைமர் வேண்டாங்க.”

“நேரம் தெரியாதே சார்.”

“தெரிய வேண்டாங்க!”

“ஞாயித்துக்கிழமை...”

“போனாப் போகுதுங்க!” அவன் கத்தியே விட்டான். “அணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! தள்ளிப் போங்க மேடம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், தள்ளிப் போங்க!”

ஹெப்சிபா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“நேத்து சாயங்காலமும் இதே பிஸ்டல்தான் சார். இதே இடத்துலதான் நின்னேன்,” என்றாள். “அப்ப ஏன் சொல்லலை?”