வாயில்லாதவள் தோட்டத்தில் பூவாயி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, நிலாவுக்கும் நமக்கும் கப்பல் போக்குவரத்து இருந்ததாம். எப்போது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. மேகநாட்டு ராஜா ஒரு பறக்கும் கப்பல் கட்டி, சனிக்கிரகத்துக்கும் அப்பால் என்ன இருக்கிறதென்று பார்த்து வர ஐந்து பேரை அனுப்பினார். தளபதி கடம்பவேல், இரண்டு மாலுமிகள், தச்சன் முத்திருளன், அவன் பெண்டாட்டி பூவாயி. ராஜாவின் தட்டிலிருந்து முதல் வாய் தின்று பார்ப்பதுதான் பூவாயியின் வேலை. விஷம் இருந்தால் அவள் சாவாள், ராஜா பிழைப்பார். நல்ல வேலைதான், போங்கள்.

போகிற வழியிலேயே அரிசி தீர்ந்தது, அவல் தீர்ந்தது, கடைசியில் புளியங்கொட்டையும் தீர்ந்தது. வயிறு ஒட்டிப்போய் ஒரு மஞ்சள் உலகத்தில் இறங்கினார்கள். அங்கே மூன்று சூரியன், இரவே கிடையாது. இறங்கின இடத்தில் ஒரு தோட்டம். மரத்தடியில் ஆவி பறக்க, நம் சோறு போலவே வெள்ளைவெளேரென்று ஒன்று விளைந்து கிடந்தது.

"தொடாதீங்க, முதல்ல நான் பார்க்கிறேன்," என்றாள் பூவாயி. "மணிக்கட்டுல தேய்ச்சு மூணு நாழிகை. உதட்டுல வச்சு மூணு நாழிகை. நாக்குல வச்சு மூணு நாழிகை. அப்புறம்தான் ஒரு வாய்."

தளபதிக்குப் பசி காதை அடைத்தது. அவர்கள் ஊரில் காக்காய்க்கு வைக்காமல் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். அவர் ஒரு பிடி அள்ளி வைத்து "கா, கா" என்று கூப்பிட்டார். மூன்று கால் பறவை ஒன்று வந்து கொத்தித் தின்றுவிட்டுப் பறந்தது.

"காக்காயே எடுத்துக்கிச்சு, அப்புறம் என்ன?" என்றார் தளபதி.

"அது இங்கேயே பிறந்ததுங்க. அது வயிறு வேற, நம்ம வயிறு வேற."

கேட்டால்தானே? தளபதி அள்ளி அள்ளித் தின்றார். மாலுமிகள் தின்றார்கள். கடைசியில் முத்திருளனும் ஒரு கவளம் போட்டுக்கொண்டான்.

தின்ற நாலு பேருக்கும் கால் கல்லானது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சூனியக்காரி வந்தாள். அவளுக்கு வாயே இல்லை, குரல் வயிற்றிலிருந்து வந்தது.

"இன்னும் மூணு பண்டம் இருக்கு. உங்க வயித்துக்கு ஏத்தது அதுல இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஏத்ததைக் கண்டுபிடிச்சு ஒரு வாய் தின்னு நீ பிழைச்சா என் மந்திரம் முறியும். தப்பாத் தின்னா நீயும் கல்லு. தலைக்குக் கல் ஏறினவன் பத்து நாழிகையில பொடிஞ்சு மண்ணாவான். என் செடிக்கு உரம் வேணுமே."

பூவாயி கப்பலிலிருந்து நாழிகை வட்டிலை எடுத்து வந்தாள். அடியில் ஓட்டை போட்ட கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்கவிட்டால் நாழிகைக்கு ஒரு தடவை மூழ்கும்.

முதலில் பொன்னிறப் பழம். மணிக்கட்டில் தேய்த்தாள், காத்திருந்தாள். தோல் கொப்பளித்தது. தூக்கி எறிந்தாள்.

இரண்டாவது தேன் போன்ற பிசின். மணிக்கட்டில் தேய்த்தாள், காத்திருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. கீழுதட்டில் வைத்தாள். உதடு செத்துப்போனது. கிள்ளினாலும் உறைக்கவில்லை. துப்பினாள்.

மூன்றாவது கரிக்கட்டை போல ஒரு கிழங்கு. மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலுதட்டில் வைத்துக் காத்திருக்கும்போது பின்னால் சரசரவென்று சத்தம். நிறையத் தின்றவர் தளபதி, அவருக்குத்தான் சீக்கிரம் தலைக்கு ஏறியிருந்தது. நின்ற இடத்தில் இப்போது ஒரு மண் குவியல் கிடந்தது. பூவாயி திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

முத்திருளனுக்குக் கழுத்து வரை கல். "உதட்டுக்கு ஒண்ணும் ஆகலையே. தின்னு தொலையேன் பூவாயி."

"இன்னும் நாக்குல வைக்கலைங்க."

"நான் மண்ணான பிறகு வைப்பியா?"

"அவசரப்பட்டு நானும் கல்லாயிட்டா உங்களுக்கு யாருங்க இருக்கா?"

அவள் கிழங்கை நாக்கில் வைத்து வட்டிலை மிதக்கவிட்டாள். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "கட்டின புருஷன் சாகுறான், கிண்ணத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியே. நீயெல்லாம் ஒரு..." அதற்குள் வாய் கல்லாகிவிட்டது.

அந்தக் கோபக் கண்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து மூன்று நாழிகையும் அழுதாள். அழுதாளே தவிர விழுங்கவில்லை. வட்டில் ஒரு தடவை மூழ்கியது. இரண்டு தடவை மூழ்கியது. மூன்றாவது தடவையும் மூழ்கியது. அப்புறம்தான் ஒரு வாய் கடித்து மென்று விழுங்கினாள். வேப்பங்கொழுந்தாய்க் கசந்தது. ஆனால் அது சாப்பாடு.

சூனியக்காரி வாடிய கீரைத்தண்டாய்ச் சுருண்டு விழுந்தாள். மாலுமிகள் மேலிருந்த கல் உதிர்ந்தது. முத்திருளன் மேலிருந்ததும் உதிர்ந்தது. பாதியில் நின்ற பேச்சு அவன் வாயிலிருந்து முதலில் விழுந்தது.

"...பொம்பளையா?"

சொன்ன பிறகுதான் அவள் கொப்பளித்த கையைப் பார்த்தான், தொங்கிப்போன உதட்டைப் பார்த்தான், பக்கத்திலிருந்த மண் குவியலைப் பார்த்தான்.

பிற்பாடு ராஜா பூவாயிக்கு ஏழு ஊர் எழுதிக் கொடுத்தார். வேற்றுலகம் போகிற கப்பலில் அவள் சொல்தான் தளபதி சொல்லுக்கும் மேல் என்று பறையறைவித்தார். கீழுதட்டுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவே இல்லை. அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு மாலுமிகள் கிழங்கைப் பிடுங்க ஓடினார்கள். பூவாயி குறுக்கே வந்து நின்றாள். "எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கும் ஒத்துக்கும்னு யாரு கண்டா? மணிக்கட்டை நீட்டுங்க."

முத்திருளன்தான் முதலில் உட்கார்ந்து கையை நீட்டினான். அவள் கிழங்கைத் தேய்த்துவிட்டு வட்டிலை மிதக்கவிட்டாள். பசித்த வயிற்றோடு, அது மூழ்கும் ஒவ்வொரு தடவையையும் அவனே விரல் விட்டு எண்ணினான்.